ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை: சிகிச்சை எங்கே அடிபடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், காலில் சர்க்கரைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங். போகிற இடமெல்லாம் கடைத்தெருவுக்குள். காரை நிறுத்த இடமில்லை, இறக்கிவிடக்கூட நாலு ஹாரன் வாங்க வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னால் "பார்க்கிங் எல்லா ஊரிலும் பிரச்சினைதானே" என்கிறார்கள். இது உண்மையிலேயே வைத்தியத்தைப் பாதிக்குமா? யாரிடம் என்ன கேட்பது?

பதில்:

பாதிக்கும். ஆம்புலன்ஸ் நெரிசலில் சிக்கினால் செய்தியாகிறது. "இன்னிக்கு முகூர்த்தம், டவுனுக்குள்ள போக முடியாது, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போன டிரெஸ்ஸிங் எங்கேயும் பதிவாவதில்லை. டாக்டரின் பார்வையில் அவர் "சொன்ன தேதிக்கு வராத நோயாளி", அவ்வளவுதான்.

"பார்க்கிங் இல்லை" என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் மூன்று குறைகள் கலந்திருக்கின்றன: நோயாளியை இறக்கிவிட இடமில்லை, வந்தவர் தேவைக்கு மேல் நேரம் காத்துக்கிடக்கிறார், வண்டியை விட்டுவைக்க இடமில்லை. என் கணிப்பில் சரிசெய்ய வேண்டிய வரிசையும் இதுவேதான். முதல் இரண்டுக்கும் பெரிய செலவில்லை. ஊரில் எல்லோரும் மூன்றாவதையே முதலில் பிடித்துக்கொண்டு "இடம் எங்கே இருக்கு?" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

யாருக்கு எப்படி அடிபடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மனு எழுதும்போது உதவும்.

உங்கள் அப்பாவின் காலிலிருந்தே தொடங்கலாம். சர்க்கரைப் புண் ஆற மருந்தைவிட முக்கியமானது, அந்த இடத்தில் உடல் எடை விழாமல் பார்த்துக்கொள்வது. "காலை ஊன்றாதீர்கள்" என்று எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரிக்கே முந்நூறு மீட்டர் ஊன்றி ஊன்றி நடந்து போய், கட்டு மாற்றிக்கொண்டு, அதே தூரம் திரும்பி நடக்கிறார் என்றால், ஆறத் தொடங்கிய திசு ஒவ்வொரு முறையும் நசுங்குகிறது. உணர்ச்சி மரத்த காலில் வலியும் தெரியாது. டயாலிசிஸில் இன்னொரு வகை ஆபத்து. நாலு மணி நேரம் நீரை உறிஞ்சி எடுத்தபின் எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றும். வருடத்துக்கு 156 முறை இந்தத் தெருவைக் கடக்கிற ஒருவருக்கு, போகும்போது இருக்கிற தூரத்தைவிடத் திரும்பும்போது இருக்கிற தூரம்தான் பெரிது. மூட்டுத் தேய்மானம் உள்ள முதியவர் நொடிக்கு அரை மீட்டர் நடந்தால் முந்நூறு மீட்டருக்குப் பத்து நிமிடம் ஆகும், அதுவும் எங்கேயும் நிற்காமல் போனால். வழியில் உட்கார ஒரு திண்ணைகூட இருக்காது. பழைய வீட்டுத் திண்ணைகளை இடித்துத்தான் கடைக்குப் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலில் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து, "டோக்கன் போயிடுமோ" என்ற பதற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்த உடனே பட்டையைச் சுற்றினால் கூடுதலாகத்தான் காட்டும். தேவையில்லாமல் மாத்திரை ஏறும். நர்ஸிடம் "இப்பதான் நடந்து வந்தார், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்" என்று சொல்வதில் தயக்கமே வேண்டாம்.

பாம்புக்கடி நம் பகுதியில் அடிக்கடி நடப்பது. வயலில், வரப்பில், வைக்கோல் போரில் கடிபட்டவரை நடக்கவிடக் கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்கக் கூடாது என்பது அடிப்படை முதலுதவி. அவரை டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்து அரும்பாடுபட்டுக் கொண்டுவந்து, கேஷுவால்டி வாசலில் பைக் அடுக்கியிருப்பதால் தெருமுனையிலிருந்து நடத்திக் கூட்டிப்போனால், அதுவரை காத்த ஜாக்கிரதை வீணாகிறது.

துணைக்கு வருபவர் ஒருவர்தான் என்பது அடுத்த சிக்கல். பிள்ளைகள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வண்டி ஓட்டுகிறவரும் துணைக்கு வந்தவரும் அதே ஒரு மருமகளாகவோ பக்கத்து வீட்டுப் பையனாகவோ இருக்கும். அவர் வண்டியை நானூறு மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம். அதுவரை நினைவு தடுமாறும் பாட்டியோ, கண்ணில் கட்டுப்போட்ட தாத்தாவோ வாசலில் தனியாக நிற்க வேண்டும். வாடகைக் கார் என்றால் வெயிட்டிங் சார்ஜ் ஓடும். டிரைவர் எங்கேயோ நிறுத்தியிருப்பார், போன் எடுக்கமாட்டார். டிஸ்சார்ஜ் ஆனவர் மருந்துக்கடை ஸ்டூலில் சாய்ந்திருப்பார்.

வண்டியே இல்லாதவருக்கும் இது பிரச்சினைதான், ஆனால் பார்க்கிங் பேச்சில் அவர் வருவதே இல்லை. பஸ் நிறுத்தத்தில் பைக்குகள் நிற்பதால் டவுன் பஸ் நடுரோட்டில் நிற்கும். கர்ப்பிணியும் கைத்தடிக்காரரும் இரண்டு பைக்குக்கு இடையில் புகுந்து ஏறி இறங்குகிறார்கள். கார்காரருடைய வசதியாக மட்டும் இதைச் சொன்னால் அதிகாரி காதில் ஏறாது, நியாயமும் அதுவல்ல. மனுவில் பஸ்ஸில் வருகிற நோயாளியை முதலில் எழுதுங்கள்.

இனி, டெல்டா ஊர்களில் ஏன் இப்படி. கோயிலைச் சுற்றி வீதிகள், வீதியை ஒட்டி, சுவரோடு சுவர் சேர்ந்த ஒட்டுவீடுகள் என்று உருவான ஊர்கள் இவை. தெருவுக்கு ஐந்தாறு மீட்டர் முகப்பும், பின்னால் கொல்லை வரை நீளமுமாக இருந்த வீட்டை வாங்கி, முன்னறையை கிளினிக் ஆக்கி, மேலே இரண்டு மாடி ஏற்றி, இருபது படுக்கை ஆஸ்பத்திரி ஆகிவிடுகிறது. குடும்பத்துக்கு ஒரு வில்வண்டி போதும் என்று வகுத்த முகப்பில் தினம் நூறு பைக் வந்து நிற்கிறது. தஞ்சாவூர் அலங்கத் தெருக்களிலோ, மயிலாடுதுறை பட்டமங்கலத் தெருப் பக்கமோ, திருவாரூர் தேரோடும் வீதிகளிலோ சாயங்காலம் ஒரு நடை போனால் விளங்கிவிடும்.

சாயங்காலம் என்பதுதான் முக்கியம். தனியார் கிளினிக் ஓ.பி. பெரும்பாலும் ஐந்திலிருந்து ஒன்பது வரை. கடைத்தெரு சூடுபிடிப்பதும் அதே நேரம், டியூஷன் விடுவதும் கோயில் கூட்டமும் அதே நேரம். காலையில் காலியாகக் கிடக்கிற அதே தெரு, ஆறரை மணிக்கு மூச்சுவிடாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்ததும் காய்ச்சல் கூட்டம் சேரும். மழைக்குப் பயந்து பைக்கில் வருகிறவரும் ஆட்டோ, கார் என்று மாறுவார். தீபாவளிக் கூட்டம், மயிலாடுதுறையானால் துலா உற்சவம், எல்லாம் அந்த மாதங்களிலேதான். வருடத்தில் எப்போது தேவை அதிகமோ அப்போதுதான் தெரு ரொம்பவும் சுருங்குகிறது.

தண்ணீர் இன்னொரு விதத்திலும் வேலை காட்டுகிறது. வெள்ளத்துக்குப் பயந்து கட்டடத்தின் தளமட்டத்தை உயர்த்திக் கட்டுகிறோம், நல்லதுதான். ஆனால் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் இருக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு 7.2 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டருக்கு 10.8 மீட்டர். ஆறு மீட்டர் முகப்பில் இதற்கு எங்கே போவது? அதனால் சாக்கடைமேல் ஸ்லாப் போட்டு, ரோட்டை நோக்கிச் செங்குத்தாக ஒரு சரிவு வைப்பார்கள். அதில் ஸ்ட்ரெச்சரை ஏற்ற நாலு பேர் வேண்டும், இறக்கும்போது கட்டுப்படாது. ஏற்றவே முடியாத சரிவு என்பதால் அது பைக் நிறுத்துமிடமாகிவிடும். சாய்தளத்தை முகப்புக்கு நேராக வைக்காமல் பக்கச் சுவரை ஒட்டி உள்நோக்கி இழுத்து, நடுவில் மடக்கித் திருப்பினால் இதே மனையில் பல இடங்களில் அடக்கிவிடலாம். வரைபடம் போடும்போதே யோசித்தால்தான் உண்டு.

அடித்தளப் பார்க்கிங் இங்கே பெரும்பாலும் வரைபடத்தோடு சரி. நிலத்தடி நீர் மேலேயே இருக்கிற ஊரில் மழைக்காலத்தில் அடித்தளத்துச் சுவர் கசியும். சம்ப் பம்பு ஒருநாள் ஓடவில்லை என்றால் முழங்கால் தண்ணீர். கொஞ்ச நாளில் "சும்மாதானே கிடக்கு" என்று அங்கே லேபோ, ஸ்கேனோ, மருந்துக் கிடங்கோ வந்துவிடும். அனுமதி வாங்கியது வண்டிக்கு, நிற்பது எக்ஸ்ரே மெஷின். தரைத்தளத்தைத் தூண்களோடு திறந்துவிட்டு மேலே கட்டுவதுதான் நம் மண்ணுக்கு ஒத்துவரும்.

இப்போது தீர்வுக்கு வருவோம். பலரும் நம்பாத இடத்திலிருந்து தொடங்குகிறேன்: டோக்கன் முறை.

ஒரு டாக்டர் ஐந்திலிருந்து ஒன்பது வரை 60 பேரைப் பார்க்கிறார், மணிக்கு 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வண்டி. காலையிலேயே போனில் நம்பர் கொடுத்துவிட்டு, நேரம் சொல்லாமல் விட்டால், "முதல்ல போனா முதல்ல பாத்துடலாம்" என்று அறுபது பேரும் ஐந்து மணிக்கே வந்துவிடுவார்கள். ஐந்தரைக்கு ஏழெட்டுப் பேர்தான் வெளியே போயிருப்பார்கள், ஐம்பதுக்கு மேல் வண்டி தெருவில் நிற்கும். அதே அறுபது பேருக்கு நேரம் சொல்லி, ஒருவர் வந்து பார்த்து மருந்து வாங்கிப் போக முக்கால் மணி நேரம் என்று ஆக்கினால், எந்த நேரத்தில் எண்ணினாலும் 15 பெருக்கல் முக்கால், பதினொன்று பன்னிரண்டு வண்டிதான் நிற்கும். ஒரு செங்கல்கூட வைக்காமல் நாற்பது வண்டிக்கு இடம் கிடைக்கிறது.

நடைமுறையில் இது எங்கே உடைகிறது என்றால், டாக்டர் தாமதமாக வரும் நாளில். ஆபரேஷன் இழுத்திருக்கும், அரசு ஆஸ்பத்திரி டூட்டி முடிந்திருக்காது. இரண்டு நாள் ஏமாந்தால் நோயாளிகள் நேரத்தை மதிப்பதை விட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. மணி நேரத்தை நாலு கால்மணிக் கட்டமாகப் பிரியுங்கள். முதல் மூன்று கட்டத்துக்கு ஐந்தைந்து பேர், நாலாவது கட்டத்துக்கு யாரையும் கூப்பிடாதீர்கள். ஒருவருக்கு நாலு நிமிடம் ஆனால் ஒவ்வொரு கட்டமும் ஐந்து நிமிடம் இழுக்கும். மூன்று கட்டத்தின் பதினைந்து நிமிடத்தை அந்தக் காலிக் கட்டம் விழுங்கிவிடும். டாக்டர் கிளம்பவே தாமதம் என்றால் நாலு மணிக்கே வாட்ஸ்அப்பில் "இன்று ஒரு மணி நேரம் தள்ளி" என்று ஒரே செய்தி. போன் பார்க்காத முதியவர்களுக்கு ரிசப்ஷனில் இருப்பவர் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அது இருபது நிமிட வேலை. வெளியூரிலிருந்து வாரம் ஒருநாள் வரும் ஸ்பெஷலிஸ்ட்டுகளுக்கு இதை அவசியம் செய்ய வேண்டும், அந்த நாளில்தான் தெரு அடைகிறது.

ரத்தப் பரிசோதனையும் வண்டியைப் பிடித்துவைக்கும். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை என்றால் மூன்று மணி நேரம் வண்டி அங்கேயே. ஊர்ப்பக்கத்து லேபிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதல் நாளே எடுத்து, ரிப்போர்ட்டோடு வந்தால் முக்கால் மணியில் வேலை முடிந்துவிடும்.

அடுத்தது இறக்கிவிடும் இடம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரே ஒரு வண்டி நிற்குமளவுக்கு எப்போதும் காலியாக இருந்தால் போதும், பத்து கார் நிற்கும் இடத்தைவிட அது பெரிய வசதி. அளவு: ஆம்புலன்ஸ் வேன் ஐந்தாறு மீட்டர் நீளம், பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இழுத்துத் திருப்ப இன்னொரு மூன்று மீட்டர். ஆக ஒன்பது மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். போர்டிகோ இருந்தால் உயரம் மூன்று மீட்டருக்குக் குறையக் கூடாது. ரோடு போடும்போதெல்லாம் மட்டம் ஏறி, கட்டும்போது இருந்த உயரம் பத்து வருடத்தில் குறைந்திருக்கும், அளந்து பாருங்கள். தரையில் மஞ்சள் கட்டம் போட்டு, "இறக்கிவிட மட்டும், 3 நிமிடம்" என்று எழுதி, ஓரத்தில் கைப்பிடியோடு ஒரு பெஞ்சும் ஒரு சக்கர நாற்காலியும். பெஞ்ச் இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு வேலைசெய்யாது, காரணம் அந்த ஒற்றைத் துணை. வண்டியை விட்டுவிட்டு வரும்வரை நோயாளி உட்கார வேண்டும், அவரை ஒருவர் கவனிக்க வேண்டும். செக்யூரிட்டியின் வேலை விசில் ஊதுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கார் கதவைத் திறந்து, நாற்காலியில் ஏற்றி, உள்ளே கொண்டுபோய் விடுவதுதான் அவர் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டால் வாசல் தானாகக் காலியாகும்.

அந்தக் கட்டத்தை முதலில் ஆக்கிரமிப்பது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் ஆஸ்பத்திரி ஊழியர்கள்தான். காலை ஏழரைக்கு வருகிறவர் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தினால் மதியம் இரண்டு வரை அது அவருடையது. இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும்போது இரண்டு அணி பைக்கும் ஒன்றாக நிற்கும். சாயங்காலம் மெடிக்கல் ரெப் வண்டிகள். இவர்களை நகர்த்துவதுதான் செலவில்லாத இடம். ஒட்டுவீட்டு ஆஸ்பத்திரிகள் பலவற்றுக்குக் கொல்லைப்புறச் சந்து இருக்கும். அந்தக் கதவைத் திறந்து ஊழியர் பைக்கைப் பின்னால் விடலாம். இல்லையென்றால் பக்கத்துக் கல்யாண மண்டபம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் மண்டபம் காலிதான், மற்ற மாதங்களிலும் முகூர்த்தம் இல்லாத நாள் அதிகம். "முகூர்த்த நாள் நீங்கலாக" என்று மாத வாடகை பேசினால் மண்டபக்காரருக்கும் லாபம். முகூர்த்தத் தேதிகள் பஞ்சாங்கத்தில் வருட ஆரம்பத்திலேயே தெரிவதால் அந்த நாட்களுக்கு அவசரமில்லாத ஓ.பி.யைக் குறைத்துப் போட்டுவிடலாம். பழைய அரிசி ஆலைக் களங்களும் நல்ல இடம். கோயில் மனை என்றால் அறநிலையத் துறை அனுமதி வேண்டும், வாய்ப்பேச்சில் தொடங்காதீர்கள்.

காருக்கும் பைக்குக்கும் உள்ள கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். விதிப்படி ஒரு கார் இடம் 2.5 க்கு 5 மீட்டர், பைக் இடம் 1 க்கு 1.8 மீட்டர். பரப்பளவில் ஒரு காருக்கு ஆறு பைக்குக்கு மேல். எனவே இருக்கிற கொஞ்ச இடத்தில் பொதுவாகக் காரை அனுமதிக்காமல், நடக்க முடியாதவரை ஏற்றிவரும் காருக்கு மட்டும் ஒன்றோ இரண்டோ ஒதுக்குவதே நியாயம். மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் 3.6 மீட்டர் அகலமும், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019 சொல்கின்றன. அந்தக் கூடுதல் அகலம் கதவை முழுக்கத் திறந்து நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுவருவதற்கு. பைக்குகளை நெருக்கி அடுக்கும்போதும் நடுவில் 90 சென்டிமீட்டர் பாதை விடாவிட்டால் சக்கர நாற்காலி நுழையாது.

அரசு ஆஸ்பத்திரியில் கதை வேறு. உள்ளே இடமிருக்கும், ஆனால் ஸ்டாண்டு குத்தகைக்குப் போயிருக்கும். வார்டில் இருப்பவருக்குக் காலை, மதியம், இரவு சோறு கொண்டுவருபவர் மூன்று முறையும் காசு கொடுக்கவேண்டி வந்தால், கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஓடுவார். அந்த வரிசைதான் ஆம்புலன்ஸ் வளைவை அடைக்கிறது. அட்மிஷன் சீட்டைக் காட்டினால் அன்று முழுக்க ஒரே கட்டணம் அல்லது இலவசம் என்று டெண்டர் நிபந்தனையிலேயே எழுதச் சொல்ல வேண்டும். ஏலம் முடிந்தபின் குத்தகைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

சரி, நாளைக்கே நீங்கள் செய்யக்கூடியது. டயாலிசிஸ் யூனிட்டில் முதல் ஷிப்டு கேளுங்கள். காலை ஆறேழு மணிக்குத் தெரு காலியாக இருக்கும், முடிந்து வெளியே வரும்போது கடைகள் திறந்திருந்தாலும் சாயங்கால நெரிசல் இருக்காது. இடம் உடனே கிடைக்காது, பெயரைக் காத்திருப்புப் பட்டியலில் எழுதிவையுங்கள். கட்டு மாற்றுவதையும் அதே நாளில், முடிந்தால் அதே கட்டடத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று இரண்டு டாக்டர்களிடமும் கேளுங்கள், தனிப்பயணம் குறையும். கிளம்புமுன் போன் செய்து மூன்று கேள்வி: இப்போது எத்தனாவது டோக்கன் ஓடுகிறது, பின்வாசல் இருக்கிறதா, நாற்காலியோடு ஒருவரை வாசலுக்கு அனுப்ப முடியுமா. மூன்றாவதைக் கேட்டால் பெரும்பாலும் அனுப்புவார்கள், யாரும் கேட்பதில்லை என்பதால்தான் வழக்கமாக அனுப்புவதில்லை.

கார் ஓட்டுபவர் ஒருவரே துணை என்றால் கடைத்தெருவுக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள். ரயில் நிலையக் கட்டண ஸ்டாண்டிலோ பஸ் ஸ்டாண்டு ஓரத்திலோ விட்டுவிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோ வாசல்வரை போகும், இறக்கிவிட்டதும் போய்விடும், நீங்கள் அப்பாவின் கையை விடவேண்டியதில்லை. சுற்றிச் சுற்றி எரிக்கும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஆட்டோ கூலி பெரிதல்ல. டாஷ்போர்டில் உங்கள் போன் நம்பரைப் பெரிதாக எழுதிவைத்தால், வழி மறித்துவிட்டாலும் கூப்பிட்டு நகர்த்தச் சொல்வார்கள், பூட்டுப் போடமாட்டார்கள்.

சில பயணங்களையே தவிர்க்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும் வாங்குவதற்காக யாரும் டவுனுக்கு வரத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதியுங்கள். மறு ஆலோசனைக்கு இ-சஞ்சீவனி (அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனை) போதுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். பிரசவமான தாயையும் குழந்தையையும் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விட 102 ஊர்தி இருக்கிறது, இலவசம். நெஞ்சுவலி, பக்கவாதம், பாம்புக்கடி என்றால் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு இடம் தேடும் வேலையே வேண்டாம், 108. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கிராமத்திலிருந்து கிளம்பி, சி.டி. ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும், தெருவில் தொலைக்க ஒரு கால்மணிகூட மிச்சமிருக்காது.

மனு விஷயம். "பார்க்கிங் வசதி செய்து தர வேண்டுகிறோம்" என்று எழுதினால் "நிலம் கிடைத்தால் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும், கோப்பு முடிந்தது. அளந்து, எண்ணி, குறிப்பாகக் கேட்க வேண்டும்.

முதலில் அந்தச் சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள்: மாநகராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலையா. ஊருக்குள் போகிற முக்கியச் சாலை பலதும் நெடுஞ்சாலைத் துறையுடையது, மாநகராட்சி ஆணையரிடம் கொடுத்த மனு அந்தத் துறைக்குப் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும். அடுத்து டேப் வைத்து அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஏழு மீட்டர் தெருவில் இருபுறமும் பைக் குறுக்காக நின்றால் 1.8 இரண்டு முறை போக மிச்சம் 3.4 மீட்டர். பஸ்ஸின் அகலம் 2.6 வரை இருக்கும், ஆம்புலன்ஸ் சுமார் இரண்டு. பஸ் ஒன்று உள்ளே வந்தால் எதிரே ஆம்புலன்ஸ் வரவே முடியாது. ஒருபுறம் மட்டும் நிறுத்தினால் 5.2 மீட்டர், இரண்டும் உரசாமல் கடந்துவிடும். அவசர ஊர்திக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு இருக்கிறது, ஆனால் ஒதுங்கவே இடமில்லாத தெருவில் அது யாரைத் தண்டிக்கும்? இந்தக் கணக்கை ஒரு படம் போட்டு இணைத்தால் அதிகாரி மறுக்க முடியாது.

பிறகு ஒரு வார நாள், ஒரு முகூர்த்த நாள், இரண்டிலும் மாலை நாலரையிலிருந்து ஒன்பது வரை அரைமணிக்கு ஒரு தடவை எண்ணுங்கள். மூன்று பத்தி: ஊழியர் வண்டி, நோயாளி வண்டி, கடைக்கு வந்த வண்டி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நகராத வண்டிகளை நம்பரின் கடைசி நாலு இலக்கத்தால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் கடைக்காரர்களின் சொந்த வண்டிகளே பாதியாக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அதை அவர்களிடமே முதலில் காட்டிப் பேசுங்கள், மனுவில் அவர்கள் கையெழுத்தும் இருந்தால் வலு. தள்ளுவண்டிக்காரர்களை விரட்டச் சொல்லி எழுதாதீர்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு உரிமை உண்டு, நகர விற்பனைக் குழு வழியாக இருபதடி தள்ளி இடம் மாற்றுவதே நடக்கக்கூடியது.

கேட்க வேண்டியது மூன்றே மூன்று: ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பது மீட்டர் இறக்கிவிடும் கட்டம், தெருவில் ஒருபக்க நிறுத்தம், பஸ் நிறுத்தத்தில் வண்டி நிற்கத் தடை. வாகனம் நிறுத்துமிடங்களை வரையறுக்கும் அதிகாரம் அதே மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 117-ஆவது பிரிவில் இருக்கிறது. மருத்துவமனை வாசலில் நிறுத்தக் கூடாது என்பது சாலை விதியிலேயே உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள், நகல் போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கு. "முதல்வரின் முகவரி" என்ற அரசின் குறைதீர் துறையில் 1100 எண் வழியாகவும் பதியலாம். முப்பது நாளில் அசைவில்லை என்றால் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

வழக்கமாக அவர்கள் தர முன்வரும் தீர்வுகளில் எதை ஏற்கலாம், எதை மறுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "நோ பார்க்கிங்" பலகை மட்டும் நட்டால் நோயாளி பயந்து தூரப் போவார், உள்ளூர்க்காரர் அதன் கீழேயே நிறுத்துவார். இரும்புத் தடுப்பு வைத்தால் வண்டி நிற்காது, ஸ்ட்ரெச்சரும் போகாது. ஒருவழிப்பாதை நல்லதுதான், ஆனால் ஆம்புலன்ஸ் எதிர்த்திசையில் வர விலக்கும், கேஷுவால்டி எந்த முனையிலிருந்து கிட்டே என்ற கணக்கும் இல்லாமல் போட்டால் சுற்று கூடும். பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் என்று கோடிக்கணக்கில் அறிவிப்பு வரும். அது கடைக்காரருக்கும் பக்தருக்கும் உதவும், ஐந்நூறு மீட்டர் தள்ளி நாலாவது மாடியில் காரை விட்டு உங்கள் அப்பா எப்படி வருவார்? அதை எதிர்க்க வேண்டாம், அங்கே கடைக்கு வரும் வண்டிகள் போனால் வாசல் காலியாகும். ஆனால் அதைக் காட்டி இறக்கிவிடும் கட்டத்தை மறுக்க விடாதீர்கள்.

கும்பகோணத்துக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-இல். அதற்கான சாலைப் பணியும் போக்குவரத்துத் திட்டமும் பேசப்படும் கூட்டங்களில், ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலுக்கும் மஞ்சள் கட்டத்தை வரைபடத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். திருவிழாவுக்காக வரையும் கோட்டை விழா முடிந்ததும் அழிக்க மாட்டார்கள், தனியாக ஒரு கோடு வரையச் சொன்னால்தான் நிதி இல்லை என்பார்கள்.